பொம்மை படைக்கும் கலைஞர்

நவராத்திரி நெருங்கிவிட்டால், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் இல்லங்களில் பரண்மீது கிடக்கும் ஒரு பழைய பெட்டி கீழே இறங்கும். ஓராண்டுக்கு முந்திய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். செட்டியாரும் செட்டியாரம்மாளும் கீழ்ப்படியில் தம் கடையைப் பரப்பி அமர்வர். மரப்பாச்சி இணைக்குப் புதிய பட்டுத் துண்டு கிடைக்கும். இப்பழைய குடும்பத்துக்கு இடையே, நாம் குடியேறிய மாநிலங்களின் பொம்மைகளும் மெல்ல மெல்ல இடம் பெற்றுவிட்டன. பெங்களூரில் வாழ்ந்தவர் வீட்டில் சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மை இருக்கும். விசயவாடாவில் வேலை பார்த்தவர் வீட்டில் கொண்டபள்ளி அம்பாரி யானை இருக்கும். வங்காளத்தில் இருந்தவர் கிருஷ்ணநகரத்துக் களிமண் பொம்மை ஒன்றையாவது பத்திரமாகக் கொணர்ந்திருப்பார்.

இவற்றை எந்த ஊரில் வாங்கினோம் என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்டிர் உடனே சொல்லுவர். என்ன விலைக்கு வாங்கினோம் என்பதும் பெரும்பாலும் நினைவில் இருக்கும். ஆனால், இதைச் செய்தவர் யார் என்று ஒரு குழந்தை கேட்குமாயின், நம்மிடம் விடை இராது. சுவரில் தொங்கும் ஓவியத்தில் ஓவியரின் கையொப்பம் இருக்கிறது. அலமாரியில் உள்ள நூலில் ஆசிரியரின் பெயர் இருக்கிறது. பொம்மையில் மட்டும் எவர் பெயரும் இல்லை. இது ஏன்? இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது நமது அன்றாடப் பணியாகும். கைத்தொழில் பற்றிய தாள்களில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருவதைப் பன்முறை கண்டிருக்கிறோம். ஒன்று ‘வடிவமைப்பாளர்’; மற்றொன்று ‘கைவினைஞர்’. முன்னவர் பொம்மையைக் கருத்தில் காண்பவர். பின்னவர் அதைக் கையால் செய்து முடிப்பவர். தாளில் இவ்விரு சொற்களும் அருகருகே அமைதியாக அமர்ந்திருக்கின்றன. ஆயினும் பெயரும் புகழும் பங்கிடப்படும்போது முதற் சொல்லுக்கு உரியவர் ‘கலைஞர்’ என்று உயர்த்தப்படுகிறார். இரண்டாம் சொல்லுக்கு உரியவர் ‘தொழிலாளி’ என்று இறக்கப்படுகிறார். கடைசல் பொறியின்முன் அமர்ந்திருப்பவரைச் சற்று நேரம் உற்று நோக்கினால், கருத்து எங்கே முடிந்தது, கை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று என்பது விளங்கும்.

பெருங் கலைஞர்கள் பொம்மை செய்வதைத் தாழ்வாகக் கருதியதில்லை என்பதை முதலில் குறிப்பிடல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் கிளே, தம் மகன் பெலிக்சுக்காக 1916ஆம் ஆண்டு முதல் 1925ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 50 கைப்பாவைகளைச் செய்து கொடுத்தார். அவற்றுள் 30 பாவைகள் இன்றும் எஞ்சியுள்ளன. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், 1926க்கும் 1931க்கும் இடையே பாரிசில் இருந்தபோது, கம்பி, தக்கை, துணி, மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு ஒரு முழுச் சர்க்கசையே பொம்மையாகச் செய்து, தாமே நண்பர்களின் முன் ஆட்டிக் காட்டினார். அச்சர்க்கசு இப்போது நியூயார்க் நகரத்து விட்னி அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வங்காள ஓவியத்தில் புதுநெறி கண்ட அவனீந்திரநாத் தாகூர் தம் முதுமைக் காலத்தில் தூரிகையைவிட்டு, தோட்டத்தில் விழுந்து கிடந்த சுள்ளி, வேர், மரப்பட்டை முதலியவற்றை எடுத்துப் பொருத்திப் பறவைகளும் விலங்குகளும் மனிதர்களுமாகச் சிறு சிறு உருவங்களைச் செய்து மகிழ்ந்தார். ‘குட்டும் காட்டாம்’ என்பது அவற்றுக்கு அவர் இட்ட செல்லப் பெயர்.

இவையெல்லாம் அன்பின் காரணமாகவோ மனமகிழ்வின் காரணமாகவோ செய்தவை. கலைஞர் ஒருவர் தம் பெயரிலேயே பொம்மை செய்து விற்கும் வழக்கம் இதனின் வேறானது. டென்மார்க்கு நாட்டு வெள்ளிக் கொல்லர் கேய் போயசன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளியில் தேர்ந்த அவர் பின்னர் மரத்துக்குத் திரும்பினார். 1951ஆம் ஆண்டில் தேக்கு மரத்தாலும் வெளிர்நிற மரத்தாலும் அவர் அமைத்த குரங்குப் பொம்மை, கையாலும் காலாலும் எதிலும் தொற்றிக்கொள்ளும். 1958இல் அவர் மறைந்த பின்னரும் அது அவர் பெயராலேயே விற்பனையாகி வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கம் கீழை நாடுகளில் புதிய வேகம் பெற்றது. 1999ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் மைக்கேல் லௌ என்னும் கலைஞர், தம் நகரத்து இளைஞர்களின் உடை, நடை, தோற்றம் ஆகியவற்றைக் கொண்ட பொம்மைகளை ஓவியக் கண்காட்சியில் வைப்பது போலவே காட்சிக்கு வைத்தார். அதே 1999ஆம் ஆண்டில், ‘காஸ்’ என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்க ஓவியர் ஒருவர் தோக்கியோ நிறுவனம் ஒன்றின் துணையுடன் தம் முதல் பொம்மையை வெளியிட்டார். 2001ஆம் ஆண்டில் தோக்கியோவைச் சேர்ந்த மெடிகாம் டாய் நிறுவனம் ஒரு கரடிப் பொம்மையைக் கொணர்ந்தது. அக்கரடியின் உருவம் எப்போதும் ஒன்றே. அதன் மேற்பரப்போ வெறும் ஓலைபோல விடப்பட்டது. ஒவ்வோர் ஓவியரும் அதன்மேல் தமக்குத் தோன்றியதைத் தீட்டலாம். இவ்வகைப் பொம்மைகள் பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து, அதற்குமேல் வார்ப்பதில்லை என்று அறிவிப்பதும் உண்டு. குழந்தைகளைக் காட்டிலும் வளர்ந்தவர்களே இவற்றை மிகுதியாக வாங்கிச் சேர்க்கின்றனர்.

ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவு மதிப்பு எங்ஙனம் வந்தது? பொருளால் வந்ததன்று, இரண்டு காரணங்களால் வந்தது. இதைப் படைத்தவர் இன்னார் என்பது வாங்குவோர்க்குத் தெரியும். இது போன்றவை இத்தனைதான் உண்டு என்பதும் தெரியும். இனி, நம் நாட்டுக் கடைசல் பொம்மையை எடுத்துக்கொள்வோம். கையால் செய்யப்படுவதால், அது இயல்பாகவே எண்ணிக்கையில் குறைந்தது; ஒன்றுபோல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. ஆகவே, இரண்டாவது தகுதி அதற்கு ஏற்கெனவே உண்டு. முதல் தகுதியாகிய பெயர்தான் அதற்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணம் இருக்கிறது. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினை இங்கே வந்து வேரூன்றியது என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். இவ்வூர்ப் பொம்மைக்கு மூலப்பொருள்கள் இரண்டே. ஒன்று மரம், மற்றொன்று அரக்கு. மரம் வேறெதுவுமன்று, நம் நாட்டுக் காடுகளில் வளரும் வெட்பாலையே அது. கன்னடத்தில் அதனை ‘ஆலெ மர’ என்பர். தெலுங்கில் ‘அங்குடு’ என்பர். தந்தம்போல வெண்மையும் நெருக்கமான இழையும் உடைய மரம் அது. எந்தப் பக்கம் கடைந்தாலும் சிம்பு எழாமல் வழவழப்பாக வருவது அதன் சிறப்பு. அரக்கு என்பது சில மரக்கிளைகளில் கூட்டமாக வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். அதனைத் தூய்மை செய்து, சூடாக்கி, நிறம் கலந்து பிசைந்து, குச்சிகளாக உருட்டி வைத்துக்கொள்வர்.

மரத்தை வெட்டியவுடன் கடைந்துவிட முடியாது. ஈரம் முழுதும் வற்றும்வரை அதனை நிழலில் வைத்துக் காய விட வேண்டும். ஈர மரத்தில் செய்த பொம்மை பிற்பாடு சுருங்கும், முளைகள் தளரும், சக்கரம் கழன்று விழும். காய்ந்த துண்டைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழலவிட்டு, உளியை அதன்மீது சாய்த்துப் பிடிப்பர். ஓரிரு நிமிடங்களில் கட்டை ஒன்று பந்தாகவோ குடமாகவோ கூம்பாகவோ மாறிவிடும். உப்புத்தாளால் தேய்த்தபின், சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் மெல்லிய போர்வையாகப் படியும். இறுதியாக, உலர்ந்த தாழை மடலை அதன்மேல் வைத்து அழுத்தினால், அரக்கு சமமாகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னும். இங்கே தூரிகைக்கும் வேலையில்லை. நிறம் உலரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இம்முறையின் பெருமையும் வரம்பும் ஒரே இடத்தில் உள்ளன. சுழலும் மரத்தில் உருண்டை வடிவமே பிறக்கும். ஆதலின், கடைசற் கலைஞர் உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் உருண்டைகளாகவும் உருளைகளாகவும் கூம்புகளாகவும் பிரித்துக் காணப் பழக வேண்டும். யானையின் உடல் ஒரு குடம். தலை ஒரு பந்து. கால்கள் நான்கு உருளைகள். எதனை விட்டுவிட்டால் யானை யானையாகவே இருக்கும், எதனை விட்டால் அது பன்றியாகிவிடும் என்பதை அறிந்து செய்வது எளிய காரியமன்று. ஓவியர் தாளில் ஒரு கோட்டை அழித்து மீண்டும் எழுதலாம். கடைபவர் உளியை மயிரிழை அதிகமாக அழுத்திவிட்டால் அத்துண்டு விறகுக்குத்தான் பயன்படும். இவரைக் கலைஞர் என்று அழைக்க நமக்கு என்ன தயக்கம்?

ஒருவர் கேட்டதற்கேற்பப் பொம்மை செய்து கொடுப்பதும் இவ்வூர்க்கு இயல்பானதே. கிலுகிலுப்பை, பம்பரம், நடைவண்டி, வளைய அடுக்கு முதலிய பழைய பொம்மைகளோடு, கணக்குச் சொல்லிக் கொடுக்கும் மணிச்சட்டம், பள்ளிக்கூடத்துக்கான எழுத்துக் கட்டைகள் என்று புதிய வகைகளும் இங்கே பிறக்கின்றன. நகரத்து வடிவமைப்பாளர்கள் வரைபடத்தோடு வருவர். வரைபடத்தில் அழகாக இருக்கும் வளைவு மரத்தில் வலுவிழந்து ஒடியும். அப்போது கடைபவர் ஒரு மாதிரியைச் செய்து காட்டுவார். கழுத்தைச் சிறிது தடித்ததாக்குவார். முளையை இடம் மாற்றுவார். இவ்வாறு இரண்டு மூன்று முறை கைமாறிய பின்னரே பொம்மை நிலைபெறும். அதன்பின் அது கடைக்குச் செல்லும்போது பெட்டியின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்கும். சில வேளைகளில் வரைந்தவர் பெயரும் இருக்கும். கழுத்தைத் தடித்ததாக்கியவர் பெயர் இருப்பது மிக அரிது.

ஆந்திர மாநிலத்தில், வராக நதிக் கரையில் உள்ள ஏடிகொப்பாக்கா என்னும் சிற்றூர் இவ்வகையில் மற்றொரு பாடம் கற்பிக்கிறது. அங்கும் மரம் அதுவே, அரக்கும் அதுவே. ஆனால் காலப்போக்கில் வேதியியற் சாயங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பழைய நிறங்கள் மறைந்தன. அவ்வூரைச் சேர்ந்த சி. வி. ராஜு என்பவர் செடிகொடிகளின் விதை, வேர், பட்டை, இலை ஆகியவற்றிலிருந்து நிறம் எடுக்கும் முறைகளை ஆராய்ந்து, அவற்றை அரக்கோடு இணையச் செய்து, தம் ஊர்க் கலைஞர்களிடையே பரப்பினார். மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள் நிறமும், சாப்பிரா விதையிலிருந்து செந்நிறமும், அவுரியிலிருந்து நீலமும் மீண்டும் பொம்மைகளின்மேல் ஏறின. 2017ஆம் ஆண்டில் ஏடிகொப்பாக்கா பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023ஆம் ஆண்டில் ராஜுவுக்குப் பத்மசிரீ விருது வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பில் ஆந்திர மாநிலத்தின் அலங்கார ஊர்தி ஏடிகொப்பாக்கா பொம்மைகளையே பொருளாகக் கொண்டு தில்லி வீதியில் ஊர்ந்து சென்றது.

நிறத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கைக்குழந்தை பொம்மையைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, வாயாலும் பார்க்கிறது. மலிவான சில வண்ணங்களில் கலந்திருக்கும் ஈயம் குழந்தையின் உடலில் புகுந்தால், மூளையின் வளர்ச்சியைத் தாக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று இந்திய அரசாங்கம் 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அரக்கோ, மருந்து மாத்திரைகளின்மேல் மெருகாகப் பூசப்படுவது. ஆகவே நல்ல அரக்கும் செடிநிறமும் சேர்ந்த கிலுகிலுப்பையைத் தாய்மார் அச்சமின்றிக் குழந்தையின் கையில் கொடுக்கலாம். கலைஞரின் நேர்மை இங்கே அழகோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையின் உடல்நலத்தோடும் பிணைந்திருக்கிறது.

கொண்டபள்ளியின் முறை இதனின் மாறுபட்டது. விசயவாடாவுக்கு அருகே, மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் அவ்வூரில் பொம்மையைக் கடைவதில்லை, செதுக்குகின்றனர். ‘தெல்ல பொணிக்கி’ என்னும் மிக மெல்லிய மரம் அதற்கு உரியது. அதனை இளஞ்சூட்டில் வாட்டி ஈரத்தைப் போக்குவர். தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டை மாவையும் மரத்தூளையும் குழைத்த ‘மக்கு’ என்னும் பசையால் ஒட்டுவர். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சிட்டு, தூரிகையால் வண்ணம் தீட்டுவர். தசாவதாரமும் உண்டு, கள் இறக்குபவர், ஏர் உழுபவர், உரலில் குற்றும் பெண் என்று சிற்றூர் வாழ்க்கை முழுவதும் உண்டு. கடைசற் கலைஞர் உருண்டையில் உலகைக் கண்டால், செதுக்குபவர் உலகின் முகபாவங்களைக் காண்கிறார். திருமண ஊர்வலம் ஒன்று வேண்டும், அதில் மேளகாரர் இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் அவ்வாறே அமைத்துக் கொடுக்கவும் இயலும்.

இத்தகைய திறமை உடையவர்களின் தொழில் செழிக்கவேண்டுமன்றோ? ஆனால் இடர்கள் பல. ஏற்ற மரம் முன்போல எளிதில் கிடைப்பதில்லை. தொழிற்சாலைப் பிளாஸ்டிக் பொம்மைகள் விலையில் குறைவு. அவற்றுள் கணிசமானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. இந்திய அரசாங்கம் பொம்மை இறக்குமதி வரியை 2020ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023ஆம் ஆண்டில் 70 விழுக்காடாகவும் உயர்த்தியது. 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்குச் செலவு செய்ய இயலாத சிறு கலைஞரை இவ்விதி நசுக்கிவிடலாகாது என்பதற்காக, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களுள் மரபுவழிப் பொம்மைத் தொழிலும் ஒன்று. விலக்கும் உதவியும் பதிவு செய்தவர்க்கே என்பதை ஈண்டு கவனிக்க வேண்டும். ஏட்டில் பெயர் இல்லாதவர் வரிசையில் நிற்கவும் இயலாது. பெயர் என்பது புகழுக்கு மட்டும் உரியதன்று. சோற்றுக்கும் உரியது என்பது இதனால் விளங்கும்.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகக் காண்போம். புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காப்பது. சன்னபட்டணத்தில் செய்யாத பொம்மையைச் சன்னபட்டணத்துப் பொம்மை என்று விற்கலாகாது. 2005-06ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பொம்மைக்கு இக்காப்பு கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இக்காப்பு ஊருக்கு உரியது, தனியொருவருக்கு உரியதன்று. ஒரு கலைஞர் புதிதாக ஒரு வடிவத்தை எண்ணிப் படைத்தால் அதனைக் காப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், வேண்டினால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. இங்கே கவனிக்கத்தக்க ஒரு விதி இருக்கிறது. ஒருவர் மற்றொருவரிடம் பொருள் பெற்றுக்கொண்டு அவருக்காக வடிவத்தைப் படைத்துக் கொடுத்தால், பணம் கொடுத்தவரே அவ்வடிவத்துக்கு உடைமையாளர் என்று அச்சட்டம் கொள்கிறது. எனவே, கேட்டவர்க்கு ஏற்பப் புதுப் பொம்மை செய்து கொடுக்கும் கலைஞர், ஒப்பந்தத்தில் தம் உரிமையை எழுதி வாங்காவிடில், தம் கற்பனையைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். கடன்பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டவர் நிலையும் இதுவும் ஒன்றே.

மாறாக, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைத்திறம் வாய்ந்த கைவினைப் படைப்பையும் கலைப்படைப்பின் வகையிலேயே சேர்த்துள்ளது. ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கு அடுத்து அதே பிரிவில் கைவினையும் வருகிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் தனியுரிமை படைத்தவர்க்கு உண்டு என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. ஆகவே, கலைஞர் வேறு, கைவினைஞர் வேறு என்னும் வேற்றுமை சட்டத்தின் எழுத்தில் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நம் வழக்கத்தில்தான் அது ஆழமாகக் குடிகொண்டிருக்கிறது.

கருத்தையும் கையையும் ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிலையம் பொம்மையை ஒரு தனிப் பாடமாகவே கற்பித்து வருகிறது. அங்கே ஆசிரியராயிருந்த சுதர்சன் கன்னா, திருவிழாக்களிலும் தெருமுனைகளிலும் விற்கும் ஓலை, மூங்கில், தாள் பொம்மைகளைத் திரட்டி, அவை எவ்வாறு சுழல்கின்றன, எவ்வாறு ஒலிக்கின்றன என்று ஆராய்ந்து நூல்களாக எழுதினார். கருத்துடையோர் கைவினைஞரிடம் மாணவராகச் செல்வதும் தகும் என்பதை அம்முயற்சி காட்டியது. சன்னபட்டணத்தில் மின்விசையால் இயங்கும் கடைசல் பொறிகள் வந்தபின் பெண்கள் பலரும் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். அவர்களுள் நாளைக்குத் தம் பெயரில் பொம்மை வெளியிடுவோரும் தோன்றக்கூடும். அதற்குத் தடையாக இருப்பது திறமைக் குறைவு அன்று.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நாம் செய்யக்கூடியது யாது? சிலவே, ஆனால் பயனுள்ளவை. மைசூருக்கு மகிழுந்தில் செல்வோர் சாலையோரக் கடையோடு நின்றுவிடாமல் ஊருக்குள் சென்று ஒரு கடைசல் பட்டறையைப் பார்த்து வரலாம். தில்லியில் இருப்போர், 1994ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் தில்லி ஹாட் சந்தையில் கலைஞரை நேரிலேயே காணலாம். சங்கர் பிள்ளை 1965ஆம் ஆண்டில் நிறுவிய சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்தில், உலக நாடுகளின் பொம்மைகளுக்கு நடுவே நம் நாட்டுப் பொம்மைகள் தலைநிமிர்ந்து நிற்பதையும் பார்க்கலாம். பேரக்குழந்தைக்கு நடைவண்டியோ கிலுகிலுப்பையோ வேண்டுமாயின், கலைஞரிடம் நேரே சொல்லிச் செய்யச் சொல்லலாம். அப்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுதல் நலம். மரம் நன்கு காய்ந்ததா, நிறம் எதனால் ஆயது என்று கேட்க வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் துணியில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்காயின், கழன்று தொண்டையில் சிக்கக்கூடிய சிறு உறுப்பு எதுவும் இல்லாதவாறு அமைக்கச் சொல்ல வேண்டும். நல்ல கலைஞர் இக்கேள்விகளால் சினங்கொள்ளமாட்டார். தம் வேலையை அறிந்து கேட்பவர் ஒருவர் வந்தார் என்று மகிழ்வார்.

விலை பேசும்போதும் ஒன்றைக் கருத வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையின் விலையை இதற்கு அளவுகோலாக வைத்தல் பொருந்தாது. மரம் காய்வதற்குக் காத்திருந்த நாட்களும், உளி பழகிய ஆண்டுகளும் அவ்விலையில் அடங்கியுள்ளன. ஹாங்காங்கிலும் தோக்கியோவிலும் கலைஞர் பெயர் கொண்ட பொம்மைக்கு எவ்வளவோ விலை கொடுக்கும் உலகம் இது. நம் ஊர்க் கலைஞரிடம் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டோம் என்று பெருமை கொள்வதில் என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவரின் பெயரைக் கேட்டு வாங்குவோம். பொம்மையின் அடிப்பகுதியில் பென்சிலால் தம் பெயரை எழுதித் தருமாறு அவரையே வேண்டலாம். எந்த மொழியில் எழுதினாலும் நன்றே. அவர் எழுத அறியாதவராயின், நாமே ஒரு சிறு தாளில் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்து வைப்போம். நவராத்திரி முடிந்து விசயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது, அத்தாளையும் உடன் வைத்து மூடுவோம். அடுத்த ஆண்டு பெட்டி திறக்கும்போது, அருகில் நிற்கும் குழந்தை கேட்கும் கேள்விக்கு அப்போது நம்மிடம் விடை இருக்கும்.